நர்சிங் முதல் வருடம்: சேர்ந்த நாள் முதல் ஆண்டுத் தேர்வு வரை முழுமையான வழிகாட்டி

நர்சிங் முதல் வருடத்தில் திணறுகிறவர்கள் பலரும் பள்ளியில் நன்றாகப் படித்தவர்கள்தான். வரிக்கு வரி மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிப் பழகியவர்களுக்கு அந்த வழி இங்கே பாதியிலேயே நின்றுவிடுகிறது. அனாட்டமி (உடலமைப்பு), பிசியாலஜி (உடலியங்கியல்), மைக்ரோபயாலஜி (நுண்ணுயிரியல்), நர்சிங் அடிப்படைகள் என்று பாடங்கள் ஒரு பக்கம். பிபி பார்ப்பது, படுக்கையில் இருப்பவரைத் திருப்பிப் படுக்க வைப்பது, ஊசி போடுவது என்று கைவேலை இன்னொரு பக்கம். இதற்கு நடுவில், வலியில் இருக்கிற முன்பின் தெரியாத ஒரு மனிதர் பக்கத்தில் போய் நின்று பேசவும் வேண்டும்.

இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு ஒன்று உண்டு. எதைக் கற்றாலும் "இது ஏன்?" என்று கேட்பது. ஏன் இந்த வரிசையில் செய்ய வேண்டும், ஏன் இந்த அளவு, ஏன் இவருக்கு இந்த மருந்து. காரணம் தெரிந்த விஷயம் மறப்பதில்லை. மறந்தாலும் யோசித்து மீட்டுவிடலாம். முதல் வருட மாணவர்களோடு வார்டில் நிற்கும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகிறது.

படி 1: முதல் இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டியவை

பாடத்திட்டத்தை வாங்கி முழுவதும் படியுங்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண், இன்டர்னல் (கல்லூரியே நடத்தும் தேர்வு) எவ்வளவு, வருகைப்பதிவு எவ்வளவு வேண்டும், வார்டில் எத்தனை மணிநேரம் முடிக்க வேண்டும் என்று ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வார்டு மணிநேரம் குறைந்தால் பின்னால் ஈடுகட்டுவது சிரமம். இன்டர்னல், ரெக்கார்டு, அசைன்மென்ட் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழும். அது எந்த வாரம் என்று முன்கூட்டியே தெரிந்தாலே பாதிப் பதற்றம் போய்விடும்.

ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசியை இப்போதே தொடங்குங்கள். வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ். கடைசி டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மொத்தத்தில் ஆறு மாதத்துக்கு மேல் ஆகும் வேலை, ஆனால் வார்டுக்குப் போவது அதற்கு முன்பே தொடங்கிவிடும். சிறு வயதில் போட்டிருந்தால் அதற்கான பதிவைத் தேடி எடுத்து வையுங்கள்.

வாங்க வேண்டியவை அதிகம் இல்லை. வினாடி முள் உள்ள கடிகாரம், ஓரளவு நல்ல ஸ்டெதஸ்கோப், சட்டைப்பையில் அடங்கும் சிறு நோட்டு. காசைச் செருப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள். நாள் முழுக்க நிற்கப்போகிறீர்கள். முன்பக்கம் மூடிய, வழுக்காத, விரல்களை நெருக்காத ஷூ வேண்டும். புத்தகங்களை சீனியர்களிடம் கேட்டாலே கிடைக்கும்.

படி 2: அனாட்டமியும் பிசியாலஜியும்

அதிகம் பேர் விழுவது இங்கேதான். 206 எலும்பு, 12 ஜோடி மூளை நரம்பு, தசைகளின் பெயர்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். பெயர்களை ஓரளவுக்கு மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் பிசியாலஜியைப் பட்டியலாகப் படித்தால் கை நழுவிவிடும். அதைச் சங்கிலியாகப் படியுங்கள்.

இதயத்தை எடுத்துக்கொள்வோம். உடம்பிலிருந்து வரும் ரத்தம் வலது மேலறைக்கு வருகிறது, அங்கிருந்து வலது கீழறை, பிறகு நுரையீரல். நுரையீரலில் ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் இடது மேலறைக்கு வந்து, இடது கீழறைக்கு இறங்கி, அயோர்ட்டா என்ற பெருந்தமனி வழியாக உடம்பு முழுவதும் போகிறது. இதைப் படமாக நீங்களே வரைந்துவிட்டு, ஒரு கேள்வி கேளுங்கள்: இடது கீழறை பலவீனமாகிவிட்டால் என்ன ஆகும்? முன்னால் தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்கும். பின்னால் இருப்பது நுரையீரல். அங்கே நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு வாங்கும். அதுவே வலது கீழறை பலவீனமானால்? பின்னால் இருப்பது உடம்பு. கால் வீங்கும், கழுத்தில் ரத்தக்குழாய் புடைக்கும்.

இந்தச் சங்கிலி பிடிபட்டுவிட்டால், இதயம் பலவீனமான ஒருவர் ஏன் மல்லாந்து படுக்க முடியாமல் இரண்டு மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூங்குகிறார் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டாம். படுத்தால் காலில் இருந்த ரத்தமும் மேலே ஏறி வந்து, ஏற்கெனவே தேங்கியிருக்கும் நுரையீரலில் இன்னும் சேர்கிறது. வார்டில் அப்படிப்பட்டவருக்குப் படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்துவது ஏன் என்றும் புரிந்துவிடும். ஒரு படத்திலிருந்து உடலியங்கியல், நோய், நர்சிங் மூன்றும் கிடைத்துவிடுகிறது. சிறுநீரகம், மூச்சு, சர்க்கரைக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் இப்படியே படியுங்கள்: இயல்பில் என்ன நடக்கிறது, ஓர் இடத்தில் அறுந்தால் அடுத்து என்ன, அதை நோயாளியிடம் எப்படிப் பார்ப்பேன்.

படி 3: படித்தது தங்க

மஞ்சள் மார்க்கரால் பக்கம் முழுக்கக் கோடு போட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் அதிகம் பேர் செய்வது. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், புத்தகத்தை மூடினால் ஒன்றும் வராது. மறதி முதல் நாளிலேயே வேகமாக நடக்கிறது என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-இலேயே தன்னையே சோதனைக்கு உட்படுத்தி அளந்து காட்டிவிட்டார். அதனால் அன்று நடந்த வகுப்பை அன்று மாலையே தொடுங்கள். வெற்றுத்தாளை எடுத்து, புத்தகம் பார்க்காமல் நினைவிருப்பதை எழுதுங்கள். விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. மறந்து போனதை இழுத்துப் பிடித்து நினைவுக்குக் கொண்டுவரும் அந்தக் கஷ்டம்தான் படிப்பு.

மூன்று நான்கு பேராகச் சேர்ந்து படியுங்கள், ஆனால் ஒரு விதியோடு: ஒருவர் புத்தகம் இல்லாமல் சொல்லித்தர வேண்டும், மற்றவர்கள் "ஏன்?" என்று குறுக்கிட வேண்டும். எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் புத்தகம் பார்ப்பதற்குக் குழு தேவையில்லை.

படி 4: லேபில் கை பழக

டெமோ பார்த்தால் எல்லாம் சுலபமாகத்தான் தெரியும். செய்யும்போதுதான் கை எங்கே போவது என்று தெரியாமல் நிற்கும். லேப் திறந்திருக்கும் நேரத்தை விடாதீர்கள். ஒருவர் செய்ய, இன்னொருவர் செக்லிஸ்ட்டைப் பார்த்து விட்டுப்போனதைச் சொல்லுங்கள்.

முதலில் கை கழுவுவது. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 வினாடி, ஆல்கஹால் கரைசல் என்றால் 20 முதல் 30 வினாடி. கட்டைவிரலும் விரல் நுனியும்தான் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். எப்போது கழுவுவது என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடுமுன், சுத்தமான செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கலாம் என்ற நிலைக்குப் பின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்டபின். கடைசியைத்தான் எல்லோரும் மறக்கிறோம். கட்டில் கம்பியைத் தொட்டாலும் கணக்குதான்.

அப்புறம் பிபி. மெஷின் இருக்கும்போது கையால் பார்ப்பது எதற்கு என்று நினைக்காதீர்கள். நாடி ஒழுங்கில்லாதவர்களிடம் மெஷின் தடுமாறும். அப்போது உங்கள் காதுதான் துணை. நோயாளி ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில், கால் மேல் கால் கூடாது, கை இதய மட்டத்தில் ஏதாவது ஒன்றின் மேல் ஓய்வாக இருக்க வேண்டும். கைப்பட்டை சிறியதாக இருந்தால் அளவு உண்மையைவிட அதிகமாகக் காட்டும். பருத்த கைக்குப் பெரிய பட்டையைத் தேடி எடுங்கள். முதலில் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டே காற்றை ஏற்றுங்கள். நாடி மறையும் இடத்தைக் குறித்துக்கொண்டு, காற்றை முழுவதும் இறக்கிவிடுங்கள். சற்று இடைவெளி விட்டு, அந்த இடத்துக்கு மேல் இன்னும் 30 மி.மீ. ஏற்றி, வினாடிக்கு 2 முதல் 3 மி.மீ. என்ற வேகத்தில் இறக்குங்கள். முதல் தட்டல் சத்தம் மேல் அளவு, சத்தம் மறையும் இடம் கீழ் அளவு. இந்தச் சத்தங்களை 1905-இல் விவரித்தவர் கொரட்காஃப் என்ற ரஷ்ய மருத்துவர். அவர் பெயரிலேயே இன்றும் சொல்கிறோம். வேகமாக இறக்கினால் முதல் சத்தத்தைத் தவறவிட்டு, மேல் அளவைக் குறைத்து எழுதிவிடுவீர்கள். சத்தம் கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். பக்கத்துக் கட்டிலின் அளவைப் பார்த்து ஏதோ ஒன்றை எழுதிவைப்பது ஒரு மனிதருக்கு ஆபத்தாக முடியலாம்.

மூச்சை எண்ணும்போது எண்ணுகிறேன் என்று சொல்லாதீர்கள். சொன்னால் அவர் மூச்சு மாறிவிடும். நாடி பார்த்த விரல்களை எடுக்காமலே, பார்வையை மார்புக்கு மாற்றி எண்ணுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 இயல்பு. ஒழுங்கில்லாமல் இருந்தால் முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். வைட்டல்ஸில் (நாடி, பிபி, மூச்சு போன்ற அடிப்படை அளவுகளில்) அதிகம் பேர் குத்துமதிப்பாக 18, 20 என்று எழுதுவது இதைத்தான். ஆனால் ஒருவர் நிலை மோசமாகத் தொடங்கும்போது பல சமயம் முதலில் மாறுவது மூச்சு எண்ணிக்கை. அதைக் கவனமாக எண்ணுகிற முதல் வருட மாணவி, வார்டுக்கே உதவியாக இருக்கிறாள்.

படி 5: மருந்துக் கணக்கு

கணக்கு என்றாலே பயப்படுகிறவர்களுக்கு ஒரு ஆறுதல்: இங்கே தேவைப்படுவது பெருக்கல், வகுத்தல், அலகு மாற்றம் மட்டும்தான். 1 கிராம் என்றால் 1000 மி.கி., 1 மி.கி. என்றால் 1000 மைக்ரோகிராம். தினம் ஐந்து கணக்கு போட்டால் போதும்.

கணக்குப் போடுமுன் விடை எந்த வட்டாரத்தில் வரும் என்று மனதில் சொல்லுங்கள். கொடுக்க வேண்டியது 400 மி.கி.; பாட்டிலில் 5 மி.லி.-க்கு 250 மி.கி. இருக்கிறது. 400 என்பது 250-ஐ விட அதிகம், 500-ஐ விடக் குறைவு. அப்படியானால் விடை 5 மி.லி.-க்கும் 10 மி.லி.-க்கும் நடுவில் வர வேண்டும். இப்போது போடுங்கள்: 400-ஐ 250-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் 8 மி.லி. சரி. 80 என்று வந்திருந்தால் புள்ளி இடம் மாறிவிட்டது என்று அந்த நொடியே தெரியும்.

டிரிப் கணக்கும் அப்படித்தான். 1000 மி.லி. எட்டு மணிநேரத்தில் போக வேண்டும், டிரிப் குழாய் செட்டில் ஒரு மி.லி.-க்கு 20 சொட்டு. மொத்தம் 20,000 சொட்டு, 480 நிமிடம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. செட்டுக்கு செட்டு சொட்டளவு மாறும் என்பதால் கவரில் பார்த்துவிட்டுத்தான் கணக்கு.

எழுதும் விதத்திலும் ஆபத்து உண்டு. 5 என்பதை 5.0 என்று எழுதினால் அவசரத்தில் 50 ஆகப் படித்துவிடலாம். அரை என்பதைப் புள்ளி ஐந்து என்று மட்டும் எழுதாமல் 0.5 என்று முன்னால் சுழியோடு எழுதுங்கள். சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்தையும் ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். நோயாளியிடம் "நீங்கள் இன்னார்தானே?" என்று கேட்காதீர்கள், காது கேட்காதவரும் குழப்பத்தில் இருப்பவரும் தலையாட்டிவிடுவார்கள். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, கையில் இருக்கும் பட்டையோடு ஒப்பிடுங்கள்.

படி 6: வார்டு

முதல் நாள் பயம் எல்லோருக்கும் உண்டு. முந்தின இரவு நன்றாகத் தூங்கி, காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு நின்று காயம் கட்டுவதைப் பார்க்கும்போதுதான் பலருக்குத் தலை சுற்றும். அப்படி வந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள்.

கட்டிலருகே போனதும் பெயரைச் சொல்லி, மாணவர் என்றும் சொல்லுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லி, செய்யலாமா என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் சிஸ்டரிடம் தெரிவியுங்கள். பேச என்ன இருக்கிறது என்று தயங்குகிறவர்களுக்கு: "ராத்திரி தூங்கினீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். வலி, மூச்சு, பயம், சிறுநீருக்கு எழுந்தது எல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பதிலாக வந்துவிடும். உட்கார முடிந்தால் உட்கார்ந்து கேளுங்கள்.

குளிப்பாட்டுவதும் படுக்கை மாற்றுவதும் கீழான வேலை என்று சில மாணவர்கள் முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒரு மனிதரைத் தலை முதல் கால் வரை முழுவதுமாகப் பார்க்கக் கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான். படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பும்போது இடுப்புக்குக் கீழே, குதிகால், முழங்கை, பின்தலை ஆகிய எலும்பு முட்டும் இடங்களைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் ரத்த ஓட்டம் இன்னும் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் இந்தச் சிவப்பு சரியாகத் தெரியாமல் போகலாம். அங்கே சுற்றுப்புறத் தோலைவிடச் சூடாக, கெட்டியாக, நிறம் மாறி இருக்கிறதா என்று கண்ணாலும் பார்த்து, தொட்டும் பார்க்க வேண்டும். அதைக் கண்டதும் உடனே சொல்லுங்கள். தோல் கிழிவதற்கு முன்பே பிடித்துவிட்டால் அவருக்கு வாரக்கணக்கான வேதனை மிச்சம்.

எதைச் சொன்னாலும் ஓர் ஒழுங்கில் சொல்லப் பழகுங்கள்: இப்போது என்ன, அவர் யார், எதற்காகச் சேர்ந்தார், நான் பார்த்தது என்ன, எனக்கு என்ன வேண்டும். "சிஸ்டர், ஆறாவது கட்டில் ஐயாவுக்கு மூச்சு வாங்குகிறது. நேற்று நிமோனியாவுக்காகச் சேர்ந்தவர். காலையில் மூச்சு 20 இருந்தது, இப்போது 28. ஆக்ஸிஜன் அளவு 90. வந்து பார்க்கிறீர்களா?" இவ்வளவுதான். இப்படிச் சொன்னால் யாரும் அலட்சியமாக விட முடியாது.

சொல்லித்தராத எதையும் தனியாகச் செய்யாதீர்கள். வேலை அதிகமான நாளில் "இதைப் போட்டுவிடு" என்று யாராவது சொல்லலாம். "இதை நான் இன்னும் தனியாகச் செய்ததில்லை, கூட நிற்கிறீர்களா?" என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. நோயாளியின் பெயர், படம், கேஸ் ஷீட் எதுவும் போனுக்குள் போகக்கூடாது, நண்பர்கள் குழுவாக இருந்தாலும்.

ஊசி குத்திவிட்டால்: பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாமல் இருந்தாலே இந்த ஆபத்து குறையும். நடந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், எதையும் ஊற்றாதீர்கள். உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணிநேரத்துக்கு மேல் போகக்கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டியிருக்கும். பயந்து மறைத்தால் இழப்பது அந்த நேரத்தைத்தான்.

படி 7: கேர் பிளானும் தேர்வும்

சீனியரின் கேர் பிளானைப் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத்தை) பார்த்து எழுதினால் ரெக்கார்டு நிரம்பும், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் முழிக்க வேண்டியிருக்கும். நீங்கள் பார்த்த ஒருவரிலிருந்து தொடங்குங்கள்: கண்டது என்ன, அதிலிருந்து அவருடைய பிரச்சினை என்ன, எதை எட்ட வேண்டும், என்ன செய்வேன், ஏன், பலன் கிடைத்ததா. "இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தல்" என்று எழுதினால், பக்கத்திலேயே "தொடர் அழுத்தம் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்" என்று காரணம் வரட்டும்.

தேர்வில் "முதலில் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு நான்கு விடையும் சரி போலத் தெரியும். மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசையில் எடை போடுங்கள். பிராக்டிகல் தேர்வில் செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்; ஒரு படி விட்டுப்போனால் உங்கள் காதுக்கே கேட்டுவிடும்.

படி 8: உங்கள் உடம்பும் மனசும்

நோயாளியைத் தூக்குமுன் கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். முதுகை வளைத்து முறுக்காமல், காலை அகட்டி, முழங்காலை மடக்கித் தள்ளுங்கள். தனியாகத் தூக்காதீர்கள். முதுகு வலியோடு வேலையை விட்ட நர்ஸ்கள் இருக்கிறார்கள். பழக்கம் முதல் வருடத்தில்தான் அமைகிறது. தேர்வுக்கு முந்தின இரவு கண்விழிப்பதும் வேண்டாம். படித்ததைப் பதிய வைக்க மூளைக்குத் தூக்கம் வேண்டும்.

முதல் மரணம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. காலையில் உங்களிடம் பேசியவர் மாலையில் இருக்கமாட்டார். அழுகை வந்தால் வரட்டும். அது உங்களை இந்த வேலைக்குத் தகுதியில்லாதவராக்காது. முடிந்தால் அவரைக் கடைசியாகச் சுத்தம் செய்யும்போது சிஸ்டரோடு கூட நில்லுங்கள். அவருக்காக ஒன்றைச் செய்து முடித்தோம் என்பது மனதைத் தாங்கிப்பிடிக்கும். அன்று இரவு அறையில் தனியாக இருக்காதீர்கள், யாரிடமாவது பேசுங்கள். இரண்டு வாரம் ஆகியும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வார்டை நினைத்தாலே நடுக்கம் என்றால் ஆசிரியரிடமோ ஆலோசகரிடமோ போய்ச் சொல்லுங்கள்.

முதல் இன்டர்னலில் தோற்றால் விடைத்தாளோடு ஆசிரியரை அந்த வாரமே பாருங்கள். பாடம் புரியவில்லையா, நேரம் போதவில்லையா, கேள்வியைத் தவறாகப் படித்தோமா என்று பிரித்துப் பாருங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஆண்டு முடிவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது போய் நின்றால் ஆசிரியராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு வாரம் புத்தகத்தைத் தொடவே வேண்டாம். அதற்குப் பிறகு, அடுத்த வருடம் மருந்தியலும் மருத்துவ அறுவை நர்சிங்கும் வரும்போது கைகொடுக்கப்போகும் இதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகிய மூன்று சங்கிலிகளையும் வெற்றுத்தாளில் மறுபடி வரைந்து பாருங்கள். வீட்டில் சம்மதிக்கிற எல்லோருக்கும் பிபி பாருங்கள்: பருத்த கை, மெலிந்த கை, வயதானவர் கை. ஒவ்வொன்றிலும் சத்தம் வேறு மாதிரி கேட்கும்.